யாருக்கு யார் கடன்?

(மாலைப் பாடசாலை மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிஞர்னு சொல்லி அறிமுகப்படுத்தினாங்க. கவிதை சோறு போடாது. சோறு போடுவது வங்கி குமாஸ்தா வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பற்று, வரவு, நிலுவை. உலக வரலாற்றைப் பற்றிப் பேசச் சொன்னாலும் கணக்கெழுதுகிறவனாகத்தான் என்னால் பேச முடியும்.

உள்ளே வரும்போது ஒரு தங்கச்சி சொன்னது: "அண்ணே, உலக வரலாறு மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குது. வருசமெல்லாம் கொழம்பிப் போயிருது." எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளை மேல் இல்லை. உங்களுக்கெல்லாம் படிப்பு வராது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி, கடைசியில் அதை நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்களே, அதன்மேல்.

எங்க அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா பண்ணையாளாக இருந்தபோது கல்யாணத்துக்கு வாங்கிய ரெண்டு மூட்டை நெல்லின் கணக்கைச் சாகும்வரை சொல்லும். எந்தத் தையில் வாங்கியது, எந்த ஆடியில் எவ்வளவு அளந்தது, பண்ணைக் கணக்கில் எவ்வளவு ஏற்றி எழுதினார்கள் - ஒரு மரக்கால் பிசகாது. நமக்கா ஞாபகசக்தி இல்லை? தன் மேல் ஏறிய கடனை யாரும் மறப்பதில்லை. வரலாற்றையும் அப்படிப் படிங்க. எந்தப் பாடமானாலும் மூணு கேள்வி: யார் உழைச்சா? யார் தின்னா? கடைசியில் யார் பணம் கட்டினா?

பிரெஞ்சுப் புரட்சியை எடுத்துக்குவோம். 1789 ஜூலை 14, பாஸ்டில் சிறை. ஆகஸ்டில் மனித உரிமைப் பிரகடனம். மனிதர் எல்லோரும் சமம் என்று எழுதினார்கள். நான் படித்தபோது என் நோட்டில் பாடம் இதோடு முடிந்தது. நாம் முதல் கேள்வியைப் போடுவோம். அன்றைக்குப் பிரான்சுக்குச் சர்க்கரையும் காப்பியும் எங்கிருந்து வந்தன? கரீபியன் கடலில் செயின்ட் டொமிங்கு என்ற காலனியிலிருந்து. அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும். ஏறத்தாழ 5 லட்சம் பேர். பாரிசில் எழுதிய 'எல்லோரும்' என்ற சொல்லில் இவர்கள் இல்லை.

இல்லை என்றால் விடுவார்களா? 1791 ஆகஸ்டில் தோட்டங்கள் எரிந்தன. அடிமையாய்ப் பிறந்து வண்டி ஓட்டிய தூசான் லூவெர்ச்சூர் படைத்தலைவர் ஆனார். 1793இல் ஸ்பெயினும் பிரிட்டனும் பிரான்சோடு போருக்கு வந்தன. அடிமைகள் பக்கம் இல்லாமல் தீவைக் காப்பாற்ற முடியாது என்ற நிலை. அங்கிருந்த பிரெஞ்சு ஆணையர்கள் விடுதலையை அறிவித்தார்கள். 1794 பிப்ரவரியில் பாரிஸ் அதைச் சட்டமாக்கியது. பார்த்தீங்களா? 1789 ஏன் 1791-ஐ இழுத்து வந்தது, 1791 ஏன் 1794-ஐ இழுத்து வந்தது? காரணத்தைப் பிடித்தால் வருசம் பின்னாலேயே வரும். பாரிஸ் கொடுத்தது என்று எழுதாதீங்க. அவர்கள் எடுத்தார்கள்.

அடுத்து நெப்போலியன். 1802இல் அடிமை முறையை மீண்டும் சட்டமாக்குகிறான். படையை அனுப்பித் தூசானை வஞ்சகமாகப் பிடித்து, பிரான்சில் ஒரு மலைக்கோட்டையில் அடைக்கிறான். 1803 ஏப்ரலில் அந்தக் குளிரில் அவர் சாகிறார். இன்னொரு கரீபியன் தீவான குவாதலூப்பில் அடிமை முறை திரும்பி வந்த சேதி எட்டியதும் பழைய அடிமைகள் மொத்தமாகத் திரும்பினார்கள். மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து பிரெஞ்சுப் படையைத் தின்றது. 1804 ஜனவரி 1 அன்று தெசாலின் விடுதலையை அறிவித்தார். பழங்குடி மக்கள் வைத்த பெயரையே நாட்டுக்கு வைத்தார்கள்: ஹைட்டி.

இனி மூணாவது கேள்வி. யார் பணம் கட்டினா?

1825இல் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பினான். உங்களை நாடாக ஏற்க வேண்டுமா, 15 கோடி பிராங்க் கட்டு என்றான். எதற்கு? தோட்ட முதலாளிகளின் சொத்து போனதற்கு நட்ட ஈடு. சொத்து என்றால் நிலம் மட்டுமா? மனுசனும் சொத்துதான். அடிமையாய் இருந்தவன் தன் உடம்புக்கே விலை கட்ட வேண்டும்!

முதல் தவணைக்கே பணம் இல்லை. பாரிஸ் வங்கியில் 3 கோடி பிராங்க் கடன் வாங்கினார்கள். கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். நம்ம ஊர் கந்துவட்டிக்காரன் முன்கூட்டியே கழித்துக்கொண்டு கொடுப்பானே, அதே வேலை. 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதன் வாலாகத் தொடர்ந்த பாக்கி தீர்ந்தது 1947இல். இந்த வருசம் உங்களுக்கு மறக்குமா? இங்கே கொடி ஏறிய வருசம் வரை அங்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹைட்டி ஏன் ஏழை நாடு என்று கேட்பவனிடம் இந்தப் பேரேட்டைக் காட்டுங்க.

பிரிட்டன் யோக்கியமா? 1833இல் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. முதலாளிகளுக்கு 2 கோடி பவுன் நட்ட ஈடு. உழைத்தவனுக்கு ஒரு காசு இல்லை. அதற்கு வாங்கிய கடன் 2015இல்தான் தீர்ந்தது. அடிமை போன தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? 1834 முதல் மொரிசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களில் நம் சேரி சனங்களும் உண்டு. உலக வரலாறு யாரோ வீட்டுக் கதை இல்லை. ஜோதிராவ் பூலே அதை 1873லேயே புரிந்துகொண்டார். அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் தன் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார்.

தேர்வில் மார்க் வேண்டும், மறுக்கவில்லை. 1789, 1791, 1794, 1802, 1804, 1825, 1947 - ஏழு வருசம். புத்தகத்தை மூடிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் "ஏன்?" சொல்லுங்க. தடுக்கும் இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்க.

அடுத்த வாரம் தொழிற்புரட்சி. இயந்திரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரை எல்லாரும் எழுதுவாங்க. நீங்க முதல் வரியில் இதை எழுதிக்கிட்டு வாங்க: மான்செஸ்டர் ஆலைக்கு வந்த பருத்தியைப் பறித்த கை யாருடையது?