‘எனின்’ என்னும் சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவந்த இந்த அவையில், கணிதத் தருக்கம் பற்றிப் பேச இசைவளித்தமைக்கு நன்றி. நான் கணிதம் கற்றவன் அல்லன். தமிழாசிரியனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். 2021-ஆம் ஆண்டில், பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களில், என் பெயர்த்தியின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலைப் புரட்டினேன். தருக்கம் பற்றிய பகுதி ஒன்று கண்ணிற்பட்டது. அங்கே எண்கள் இல்லை. ‘அன்று’, ‘மற்றும்’, ‘அல்லது’, ‘எனின்’ என்னும் சொற்களே இருந்தன. இவை நம் சொற்கள் அல்லவா என்று உரிமையோடு உள்ளே நுழைந்தேன்.

அந்த உரிமை சில நாட்கள்கூட நிலைக்கவில்லை. ‘எல்லாரும் வரவில்லை’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். ஒருவர்கூட வரவில்லை என்பது பொருளா, சிலர் வராமற் போயினர் என்பது பொருளா? இரண்டிற்கும் அத்தொடர் இடந்தருகிறது. கவிதைக்கு அது செல்வம். தருக்கத்திற்கு அது குழப்பம். அவ்வாறே, ‘ஒவ்வொருவருக்கும் ஒரு நண்பர் உண்டு’ என்பதும், ‘எல்லாருக்கும் நண்பராக ஒருவர் உண்டு’ என்பதும் வேறு வேறு. சொற்களின் வரிசை மாறினால் உலகமே மாறிவிடுகிறது. யாப்பில் அசை பிரித்துப் பழகிய எனக்கு, பொருளையும் இவ்வாறு அசை பிரிக்கலாம் என்பது புதுமையாயிற்று.

என்னை நெடுநாள் அலைக்கழித்த சொல் ‘எனின்’. ‘மழை பெய்யுமெனின் குடை தருவேன்’ என்று ஒருவர் வாக்களிக்கிறார். மழை பெய்தும் அவர் குடை தரவில்லையெனில் வாக்குப் பொய்த்தது. மழையே பெய்யவில்லையெனில், அவர் குடை தந்தாலும் தராவிட்டாலும் வாக்குப் பிழைக்கவில்லை. ஆகவே மெய் அட்டவணையின் நான்கு வரிசைகளில் மூன்று மெய், ஒன்றே பொய். முற்கூற்றுப் பொய்யானால் முழுக்கூற்று எவ்வாறு மெய்யாகும் என்று பல இரவுகள் அந்த அட்டவணையோடு வழக்காடினேன். இறுதியில் தோற்றவன் நான்தான்.

அத்தோல்வி எனக்கு ஒன்றைக் கற்பித்தது: ‘எனின்’ ஒருவழிப் பாதை. குடையைக் கையில் கண்டு, மழை பெய்திருக்க வேண்டும் என்று முடிவு செய்ய இயலாது. நம் நாட்டுத் தருக்க நூலார் இதை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பர். ஆனால் நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்னார். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என வகுத்து, அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கிறார். அக்காதையை வறண்ட பகுதி என்று ஒதுக்கிவிட்டு, கதைப்பகுதிகளையே வகுப்பில் சுவைபட நடத்தியவன் நான். ஒதுக்கியதன் விலையைப் பின்னரே அறிந்தேன்.

2018-ஆம் ஆண்டில் நம் கூட்டமொன்றில் இளங்கவிஞர் ஒருவர் தம் கவிதையைப் படித்தார். அதிலிருந்த படிமம் ஒன்று, மூத்த கவிஞர் ஒருவரின் தொகுப்பிலும் இருந்தது. நான் எழுந்து, ‘அத்தொகுப்பிலிருந்து எடுத்திருந்தால் இப்படிமம் இங்கே வந்திருக்கும்; வந்திருக்கிறது; ஆகவே எடுத்ததே’ என்றேன். அவையில் பலர் தலையசைத்தனர். அந்த இளைஞர் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துக்கொண்டார். அதன்பின் அவர் இங்கு வரவில்லை.

அட்டவணையின் முன் அமர்ந்திருந்த ஓரிரவில் என் பேச்சு என் செவியிலேயே மீண்டும் ஒலித்தது. குடையைக் கண்டு மழையைத் துணிந்தவன் நான்! ஒரே கிணற்றடியை இருவர் பார்த்திருக்கலாம். ஒரே பாட்டியின் சொல்லை இருவர் கேட்டிருக்கலாம். இங்கும் தருக்கம் என்னை எளிதில் விடவில்லை. வாதம் பிழையானால் முடிவும் பொய் என்று ஆகிவிடாது. அவர் எடுத்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் அவையில் உரைத்தேன் என்பது மட்டும் உறுதி.

இவ்விடத்தில் ஜெர்மானியக் கணித அறிஞர் கோட்லோப் பிரேகேயை நினைக்கிறேன். 1879-இல் வெளிவந்த சிறு நூலொன்றில் இன்றைய கணிதத் தருக்கத்திற்கு அடிகோலியவர் அவர். எண்கணிதம் முழுவதையும் தருக்கத்தின்மேல் எழுப்பிவிடலாம் என்று நம்பிப் பல்லாண்டுகள் உழைத்தார். அப்பெருநூலின் இரண்டாம் தொகுதி அச்சிலிருந்தபோது, 1902 ஜூன் 16-ஆம் நாளிட்டு பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு கடிதம் எழுதினார். அதன் கருத்தை நாம் இவ்வாறு விளக்கிக்கொள்ளலாம்: தம்மைத் தம்முள் குறிப்பிடாத நூற்பட்டியல்களை மட்டும், ஒன்றுவிடாமல் தொகுத்து ஒரு பட்டியல் செய்வோம். அப்பட்டியல் தன்னைத் தன்னுள் குறிப்பிட வேண்டுமா? குறிப்பிட்டால் குறிப்பிடக் கூடாது. குறிப்பிடாவிட்டால் குறிப்பிட வேண்டும். பட்டியலுக்குப் பதிலாகக் கணம் என்று கொண்டால், பிரேகேயின் அடித்தளமே பிளக்கிறது.

பிரேகே ஒரு வாரத்திற்குள் மறுமொழி எழுதினார். கண்டுபிடிப்பின் பெருமையை ஒப்புக்கொண்டார். 1903-இல் வெளிவந்த அத்தொகுதியில் பின்னிணைப்பு ஒன்றைச் சேர்த்து, தம் கட்டடத்தின் விரிசலைத் தாமே உலகிற்குக் காட்டினார். அந்நூலில் எனக்கு எட்டாதவை மிகுதி. அப்பின்னிணைப்பின் நேர்மை மட்டும் எட்டியது.

2023-இல் அந்த இளங்கவிஞருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மறுமொழி வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் மறுமொழி வரும் என்று எந்த அட்டவணையும் உறுதி கூறவில்லை. ஆயினும் குற்றச்சாட்டு அவையில் கூறப்பட்டது. அதைத் திரும்பப் பெறுவதும் அவையிலேயே நிகழ வேண்டும். ஆகவே இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் அதைத் திரும்பப் பெறுகிறேன். விழா மலரில் இவ்வுரை அச்சாகுமெனின், அதை என் பின்னிணைப்பாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நண்பர்களே, தருக்கம் கவிதை எழுதக் கற்றுத்தராது. ஆனால் கவிதையைப் பற்றித் தீர்ப்புக் கூற எழும்போது, ஒருகணம் நம் கையைப் பிடித்து நிறுத்தும். அடுத்த பத்தாண்டுகளில் இவ்வவையில் அந்த ஒருகணம் நமக்கு வாய்க்குமாக.