ஆட்டுக்கு எண்ணெய் எவ்வளவு?

நான் கொட்டிவாக்கத்துல பஜ்ஜிக் கடை வச்சிருக்கேன். குழுக்கடன்ல வாங்கின நாலு செம்மறி, செங்கல்பட்டுப் பக்கம் அம்மா வீட்டுல நிக்குது. தீபாவளிக்குப் போனப்ப, ஆடு கொழுக்கட்டும்னு மிஞ்சின எண்ணெயைத் தவிட்டுல தாராளமா ஊத்தினேன். ரெண்டாம் நாளே கழிச்சல்; அசை போடறது நின்னுபோச்சு. ஒரு ஆடு செத்துடுச்சு.

கால்நடை டாக்டர் விளக்கினார். ஆட்டின் முதல் வயிற்றில் நாரைச் செரிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். எண்ணெய் மிஞ்சினால் கொழுப்பு அமிலம் நாரை மூடி, அவற்றையும் கொல்லும். உலர்தீவனக் கணக்கில் 100 கிலோவுக்குக் கொழுப்பு 5 கிலோவைத் தாண்டக் கூடாது. கொழுப்பே வேண்டாமென்றும் இல்லை. ஆட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரும் புரோஸ்டாகிளாண்டின் கொழுப்பு அமிலத்திலிருந்துதான் உருவாகிறது. அளவான பிண்ணாக்கே போதும்.

செத்த ஆட்டுக்கும் தவணை கட்டினேன். நீங்க அப்படிக் கட்ட வேண்டாம், அக்கா.