தலையெழுத்தா, சட்டமா?

(இஞ்சினீயரிங் முதலாண்டு மாணவர் கூட்டத்தில் பேசியது)



உங்களில் அநேகருடைய குடும்பத்தில் இதற்கு முன் எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இடம் கிடைத்ததும் குலதெய்வத்திற்குப் பொங்கல் வைத்து, "எல்லாம் அவன் எழுதிய எழுத்து" என்றார்கள். நாம் கேட்கிறோம்: உங்கள் பாட்டனும் அதே தெய்வத்தைத்தானே கும்பிட்டான்? அவன் தலையில் மட்டும் எழுத மறந்ததேன்?

எழுதியது தெய்வமல்ல, தோழர்களே, சட்டம்! இந்த மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவினால் கல்லூரி இடங்கள் பங்கிடப்பட்டு வந்தன. இஞ்சினீயரிங் இடங்கேட்ட ஒருவரும், மருத்துவம் படிக்க எண்ணிய ஒருவரும் வழக்காட, அவ்வுத்தரவு செல்லாதென்று 1951-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பெரியார் முதலானோர் கிளர்ச்சி செய்தனர். அதே வருஷம் அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. நுழைவுத் தேர்வு 2007-ல் ஒழிந்ததும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-ல் 7.5 சதவிகிதம் கிடைத்ததும் சட்டத்தினால்தான். எந்த சாமி வரத்தினாலுமல்ல.

பெண்களின் கதையும் அதுவே. கிண்டிக் கல்லூரிக்கு மூலமான சர்வே பள்ளி 1794-ல் ஏற்பட்டது. லலிதா என்கின்ற அம்மையார், பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர், 1940-ல்தான் அங்கு சேர்ந்தார், எலக்ட்ரிக்கல் இஞ்சினீயரானார். மூலையில் உட்கார் என்றது சாஸ்திரம். மின்சாரமோ அவரை அபசகுனமென்று ஒதுக்கவில்லை!

அப்படியிருக்க, நீங்கள் ஆயுத பூஜையன்று லேத் யந்திரத்திற்குப் பொட்டிட்டுச் சூடம் காட்டுகிறீர்களே, அது என்ன படிப்பு? எண்ணெய் விடாவிட்டால் சரஸ்வதியே வந்து உட்கார்ந்தாலும் பேரிங் தேயாமலிருக்குமா? ஆங்கிலம் வாயில் வரவில்லையென்று கடைசிப் பெஞ்சில் ஒடுங்குகிறீர்களே, ஆங்கிலம் அறிவா? அது ஒரு பாஷை, பழகினால் வரும். ஜப்பான்காரன் தன் பாஷையிலேயே படித்து ரயில் விடவில்லையா?

எதிர்கால லட்சியம் என்னவென்றால், "நல்ல கம்பெனி, நல்ல சம்பளம்" என்கிறீர்கள். நாம் குற்றம் சொல்லவில்லை. வீட்டுக்கடன் அடையவேண்டும், தங்கை படிக்கவேண்டும். ஆனால் அதோடு தீர்ந்ததா?

மலக்குழியில் மனிதனை இறக்கக் கூடாதென்று 2013-ல் சட்டம் வந்தது. இன்றும் இறக்குகிறார்கள், விஷவாயுவில் சாகிறார்கள். செத்தவன் என்ன ஜாதியென்று நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை. கேரளத்தில் இஞ்சினீயரிங் படித்த சில வாலிபர்கள், குழிக்குள் தானே இறங்கிக் கசடை அள்ளும் யந்திரத்தைச் செய்தார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. ஆயிரம் யாகம் செய்தும் மேலே ஏறாத மனிதனை ஒரு யந்திரம் மேலே நிறுத்திற்று!

ஆகவே தோழர்களே, நீங்கள் கற்கும் ஒவ்வொரு வித்தையிலும், இதனால் எவனுடைய முதுகுச் சுமை குறையுமென்று கேளுங்கள். பாட்டனுக்கு மறுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அக்கேள்வி கடமை என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.