சும்மா இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள்



நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இல்லை? இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

2017 முதல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இதற்கென ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறார்கள்.

"கடந்த 7 நாளில் என்ன செய்தீர்கள்?" என்பது ஒரு கேள்வி. ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலை உள்ளவர். வேலையே செய்யவில்லை, ஆனால் தேடினார் அல்லது கிடைத்தால் செய்யத் தயார் என்றால், அவர் வேலையில்லாதவர். தேடவும் இல்லை, தயாராகவும் இல்லை என்றால் இரண்டிலும் சேரமாட்டார்.

சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் இந்தக் கணக்கில் வேலை ஆகாது. ஆனால் சொந்த வயலில் கூலியில்லாமல் களை எடுத்தால் அது வேலை. குடும்பக் கடையில் உதவினாலும் வேலைதான்.

நம் பெண்கள் பலர், "சும்மாதான் இருக்கிறேன்" என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டால் அவர்கள் உழைப்பு மறைந்துபோகும்.

வேலை தேடி அலுத்துப்போனவரும் அப்படியே சொல்வார். கிடைத்தால் போவேன் என்பதைச் சொல்லாவிட்டால், வேலையில்லாதவர் கணக்கில் அவர் வரமாட்டார்.

ஆகவே, கணக்கெடுப்பவர் வந்தால் நிதானமாகப் பதில் சொல்லுங்கள். என்னென்ன வேலை செய்தீர்கள், எத்தனை நாள் வேலை கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். நாம் சொல்வதுதான் கணக்கு ஆகிறது.