கைவிடப்பட்ட வண்டிகளைக் கண்டறிதலும் புதுக்குதலும்

ஒரு வயலின் ஓரத்திலே பழைய மோட்டார் வண்டி ஒன்று கிடக்கின்றது. அதன் சில்லுகள் பாதிவரை மண்ணுட் புதைந்துள்ளன. இருக்கைகள் இருந்த இடத்திற் புல் முளைத்திருக்கின்றது. பழைய இரும்பு வாங்குபவர் அவ்வழியே வந்தால், அது எத்தனை அந்தர் நிறை தேறும் என்று மனத்துள் மதிப்பிடுவார். வயலுக்குரியவரோ அதனைக் கோழிக்கூடாகக் கருதிப் பல காலமாயிற்று. மூன்றாவதாக ஒருவர் வருகின்றார். அவர் முழந்தாளிட்டு அமர்ந்து, வண்டியின் அடிச்சட்டத்திற் படிந்த மண்ணைத் துணியால் மெல்லத் துடைத்து, இரும்பிற் பொறித்த இலக்கம் ஏதேனும் தென்படுகின்றதா என்று தேடுகின்றார். இந்த மூன்றாமவரின் முயற்சியைப் பற்றியதே இப்பேச்சு.

தெருவில்லாத நிலத்தில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வண்டிகள் பலவகைப்படும். அவற்றுள் லாண்ட் றோவர் என்னும் வண்டியின் வரலாறு நன்கு ஆராயப்பட்டது. ஆதலின் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் பொருந்தும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் படையினர் விட்டுச்சென்ற ஜீப் வண்டிகள் பல நாடுகளிலும் மலிவாக விற்கப்பட்டன. இங்கிலாந்திலே றோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராக இருந்த மோறிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டு அங்கிள்சித் தீவிலிருந்த தமது நிலத்தில் அத்தகைய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது பழுதானால் அதற்கு ஈடாக வாங்குவதற்கு வேறொரு வண்டி இல்லையென்பதை அவர் உணர்ந்தார். அவரும், கம்பனியின் நிருவாகியாக இருந்த அவர் தமையனார் ஸ்பென்சர் வில்க்ஸும் 1947ஆம் ஆண்டிற் புதியதொரு வண்டியைச் செய்ய முடிவு செய்தனர். பரீட்சைக்காக முதலிற் செய்த வண்டி, ஜீப்பின் உறுப்புகளைக் கொண்டே அமைந்தது. அதன் சுக்கான் சில்லு இடப்புறத்திலுமன்றி, வலப்புறத்திலுமன்றி நடுவே பொருத்தப்பட்டிருந்தது. அந்த முதல் வண்டி இன்று இல்லை. அதன்பின் 48 முன்னோடி வண்டிகள் செய்யப்பட்டன. 1948 ஏப்பிரில் 30ஆம் திகதி ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட் றோவர் உலகின் பார்வைக்கு வந்தது. அப்பொழுது அதன் விலை 450 பவுண்.

யுத்தத்தின் பின் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. ஆகாய விமானத் தொழிலிற் பயன்பட்ட அலுமினியக் கலப்புலோகமோ தாராளமாகக் கிடைத்தது. ஆதலால் வண்டியின் மேற்கூடு அலுமினியத் தகட்டினால் ஆக்கப்பட்டது. சுமை தாங்கும் அடிச்சட்டம் மட்டும் உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல ஒட்டிச் செய்யப்பட்டது. தட்டுப்பாட்டினால் நேர்ந்த இந்த ஏற்பாடே, பிற்காலத்தில் இவ்வண்டிகளின் வாழ்வையும் சாவையும் தீர்மானிப்பதாயிற்று.

அலுமினியம் இரும்பைப்போலத் துருப்பிடிப்பதில்லை. எழுபது ஆண்டு மழையில் நனைந்த வண்டியும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நல்ல நிலையில் இருப்பதாகவே தோன்றும். ஆனால் அடிச்சட்டத்தின் வெற்றிடத்துள் சேறும் நீரும் புகுந்து தங்க, அது உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றது. அன்றியும், அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில், மின்னிரசாயன விளைவினால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். மேனி அழியாதிருக்க என்பு அழிந்துபோன உடலைப் போன்றது அவ்வண்டி. அனுபவமுள்ளவர் அதன் அழகை முதலிற் பார்ப்பதில்லை; சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டி, எழும் ஓசையையே முதலிற் கேட்பர். கணீரென்றால் உருக்கு உளது. மொத்தென்றால் துருவே உளது.

இனி, கண்டறிதல் எவ்வாறு என்பதைப் பார்க்கலாம். அளவுகோல் ஒன்றே பாதி உண்மையைச் சொல்லிவிடும். 1948ஆம் ஆண்டு வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் 80 அங்குலம். 1954ஆம் ஆண்டு மாதிரியில் அது 86 அங்குலமாயிற்று. 1956இல் 88 அங்குலமாயிற்று. ஆரம்ப வண்டிகளின் முன்விளக்குகள் கம்பிவலையின் பின்னே மறைந்திருந்தன; 1950இல் அவை வலையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தன. முதல் எஞ்சின் 1,595 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 50 பரிவலுவும் உடையது. 1952ஆம் ஆண்டு மாதிரி முதல் 1,997 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இடம்பெற்றது. 1958இல் இரண்டாம் வரிசை வண்டி வெளிவந்தது.

ஆயினும் இவ்வடையாளங்களை மட்டும் நம்பியவர் ஏமாந்து போவர். இவ்வண்டிகள் உழவருக்கும் படையினருக்கும் உழைத்தவை. ஒரு கதவு உடைந்தால், அயலில் அழிந்து கிடந்த வேறொரு வண்டியின் கதவைக் கழற்றிப் பூட்டினர். எஞ்சின் பழுதானால் பிந்திய ஆண்டின் எஞ்சினை வைத்தனர். எனவே வெளியுறுப்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும். அக்கதைகளுட் பிழையற்றது எதுவென்று துணிவதற்கு இலக்கங்களே உதவுவன. ஓட்டுநர் பகுதியில் அறைந்த சிறு தகட்டை எவரும் கழற்றி வேறிடத்தில் அறையலாம். அடிச்சட்டத்து இரும்பிலேயே பொறித்த இலக்கத்தை மாற்றுதல் அத்துணை எளிதன்று. அதனோடு எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சு ஆகியவற்றின் இலக்கங்களையும் குறித்துக்கொண்டு, தொழிற்சாலையின் பதிவேட்டோடு ஒப்புநோக்குதல் வேண்டும். இங்கிலாந்தின் கேடன் என்னுமிடத்திலுள்ள மோட்டார் நூதனசாலையில் அத்தகைய பதிவேடுகள் பேணப்படுகின்றன. ஒரு வண்டி எந்நாளிற் செய்யப்பட்டது, என்ன நிறம் பூசப்பட்டது, எங்கே அனுப்பப்பட்டது என்பனவற்றை அவற்றால் அறியலாம்.

இம்முறையினாற் பெற்ற பயனுக்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வைக்கப்பட்ட வண்டிகளுள் ஒன்று முன்னோடி வரிசையின் ஏழாம் இலக்க வண்டியாகும். 1960களுக்குப்பின் அது தெருவில் ஓடவில்லை. வேல்ஸ் நாட்டு வயலொன்றில் இருபது ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நின்று, வேறு இயந்திரங்களுக்கு விசை வழங்கும் கருவியாகப் பயன்பட்டது. பின்னர் ஒருவர் அதனைப் புதுக்கும் எண்ணத்தோடு வாங்கினார், எண்ணம் நிறைவேறவில்லை. எஞ்சின் இறுகிப்போன நிலையில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அது கிடந்தது. அவ்வீடு இருந்த இடமோ, வண்டி பிறந்த சொலிகல் தொழிற்சாலையிலிருந்து சில மைல் தூரமே.

அதனைக் கண்டெடுத்தவர்கள் உடனே சாயம் பூச முற்படவில்லை. கம்பனியின் பழைய பத்திரங்களிற் பல மாதம் தேடி, அது கைமாறிய வரலாற்றை ஒழுங்குபடுத்தினர். முன்னோடி வண்டிகளுக்கே உரிய மூன்று அடையாளங்கள் அதிற் காணப்பட்டன. மேற்றகடு பிந்திய வண்டிகளினும் தடிப்பானது. அடிச்சட்டம் துத்தநாக முலாம் பூசப்பட்டது. பின்புறத் தொட்டி கழற்றக்கூடியது. ஐயம் தீர்ந்தபின்னரே, 2018 சனவரியில், அதனைப் புதுக்கும் செய்தி அறிவிக்கப்பட்டது. 1948இற் பூசிய இளம்பச்சை நிறத்தில் எஞ்சியிருந்ததையும், காலத்தின் தழும்புகளையும் அழியாது காப்பதே நோக்கமெனவும் கூறப்பட்டது.

விற்பனைக்கெனச் செய்த வண்டிகளுள் முதலாவதன் கதையும் இதனை ஒத்ததே. 860001 என்னும் இலக்கமுடைய அவ்வண்டியை நொதம்பர்லாந்துப் பகுதி உழவர் ஒருவர் 1970இல் வெறும் 15 பவுணுக்கு வாங்கினார் என்பர். அது அவரிடம் உழைத்து, ஓய்ந்து, நெடுங்காலம் ஓடாது கிடந்தது. அதனைப் பின்னர் புதுக்கியவர்களும் அதன் பழைய சாயத்தையும் நெளிவுகளையும் அவ்வாறே விட்டுவைத்தனர். உழைத்த வண்டி உழைக்காததுபோற் காட்சியளிப்பது பொய்யென்பது அவர்கள் கருத்து.

புதுக்கும் வேலையில் அவசரமே முதற்பகை. வண்டி கிடந்த இடத்திலேயே, ஒன்றையும் அசைக்குமுன், எல்லாப் பக்கமும் படம் பிடித்தல் வேண்டும். கழற்றும் ஒவ்வோர் உறுப்புக்கும் சீட்டுக் கட்டுதல் வேண்டும். இறுகிய எஞ்சினைப் பற்றரி கொண்டு இயக்க முயல்பவர் அதனை உடைத்தே தீர்வர். எரிபற்றிகளைக் கழற்றி, அத்துவாரங்களின் வழியே எண்ணெய் ஊற்றி, நாட்கணக்கிற் காத்திருந்து, கையினாற் சிறிது சிறிதாகத் திருப்புவதே தக்க வழி. தடுப்புக் குழாய்களின் இறப்பர் உக்கியிருக்கும். மின்கம்பிகளின் உறை வெடித்திருக்கும். எரிபொருட் கலத்துள் துரு அடைந்திருக்கும். உயிர்காக்கும் இவ்வுறுப்புகளிற் பழமை பாராட்டுதல் அறிவுடைமையன்று. அவற்றைப் புதிதாக மாற்றியே ஆகவேண்டும்.

இங்கேதான் வினா ஒன்று எழுகின்றது. அடிச்சட்டத்தை மாற்றி, எஞ்சினை மாற்றி, தகடுகளையும் மாற்றினால் எஞ்சுவது எந்த வண்டி?

இவ்வினா தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணம் ஈன்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்திற் பழைய ஏடுகள் செல்லரித்தும் ஓரம் முறிந்தும் கிடந்தன. அத்தகைய ஏட்டைப் பதிப்பிப்பவர்முன் இரண்டு வழிகள் உண்டு. சிதைந்த அடியைச் சிதைந்ததென்று காட்டுதல் ஒன்று. தாமே ஓர் அடியை இயற்றி, பழம்புலவர் வாக்கென்று நுழைத்துவிடுதல் மற்றொன்று. முன்னையது பதிப்பு, பின்னையது இடைச்செருகல்.

வண்டியிலும் இடைச்செருகல் உண்டு. அரிய வண்டிக்குப் பெருவிலை உண்டென்பதை அறிந்தவர், அழிந்துபோன ஒன்றின் இலக்கத் தகட்டை எடுத்து, புதிதாகச் செய்த கூட்டில் அறைந்து, தொன்மை பேசி விற்பதுண்டு. வாங்குபவர் இழப்பது பணம் மட்டுமன்று. அந்த இலக்கத்துக்குரிய மெய்யான வரலாறும் அன்றோடு கெடுகின்றது. பிற்காலத்தார் அதனை நம்பி எழுதுவனவும் பிழையாகும். ஆதலின், மாற்றிய உறுப்பை மாற்றியதென்றே குறித்து, அக்குறிப்பை வண்டியோடு வைத்தல் புதுக்குபவரின் கடமையாகும். இவ்வாறு செய்தவர் பத்து உறுப்பை மாற்றினாலும் வண்டி மெய்யானதே. இதனை மறைப்பவர் ஓர் உறுப்பை மாற்றினாலும் அது போலியே.

மீண்டெழுந்த வண்டி எதைச் சாதிக்கக்கூடும் என்பதற்கு இன்னொரு வரலாற்றைக் கூறலாம். 1955 செப்ரெம்பரில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர் அறுவர் இரண்டு லாண்ட் றோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டனர். பர்மாவின் மலைக்காட்டையும் கடந்து 1956 மார்ச்சில் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தனர். ‘கேம்பிரிட்ஜ்’ என்ற பெயருடைய வண்டி, பின்னொரு பயணத்திலே ஈரான் நாட்டு மலைச்சரிவில் வீழ்ந்து அழிந்தது. ‘ஒக்ஸ்போர்ட்’ என்ற மற்றைய வண்டியோ பறவைகளை ஆராயச் சென்ற குழுவினரோடு அத்திலாந்திக் சமுத்திரத்து அசென்சன் தீவுக்குப் போய், பின்னர் செயின்ற் எலெனாத் தீவை அடைந்து, அங்கே பழுதுற்றுக் கிடந்தது.

2017இல் அது இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டுப் புதுக்கப்பெற்றது. 2019 ஓகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு, முன்பு சென்ற திசைக்கு எதிர்த்திசையில், அவ்வண்டி புறப்பட்டது. முதற் பயணத்தில் இடம்பெற்றவரும் அதனைப் பற்றி நூல் எழுதியவருமான ரிம் ஸ்லெசர் அப்பொழுது 87 வயதினர். அவரும் செல்வதாக இருந்தது. புறப்படும் வேளையில் உடல்நலம் குன்றியமையால் அவரது இடத்தை அவருடைய பேரன் ஏற்றார். டிசம்பரில் வண்டி லண்டனை அடைந்தது. பாட்டனார் சென்ற வண்டியிற் பேரன் திரும்பினான் என்று சொல்லும் உரிமை, அவ்வண்டி இன்னதென்று ஐயமின்றி அறியப்பட்டமையாலேயே கிடைத்தது. வெறும் பழைய வண்டி ஒன்றாக இருந்திருப்பின் அப்பயணத்துக்கு அப்பொருள் வந்திராது.

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் லாண்ட் றோவர் வண்டிகள் உழைத்ததை நேயர்கள் அறிவர். வீட்டு வளவிலோ, கராஜின் பின்புறத்திலோ அத்தகைய வண்டி ஒன்றை வைத்திருப்பவர் அதனை வெட்டி விற்குமுன் ஒருமுறை முழந்தாளிட்டு அமர்வாராக. அடிச்சட்டத்து மண்ணைத் துடைத்து, இலக்கத்தை ஒரு தாளில் எழுதிவைப்பாராக. அதனை ஓட்டியவர் எவரேனும் உயிரோடிருப்பின், அது எங்கெங்கே ஓடியது என்பதைக் கேட்டு, அதையும் அத்தாளிலேயே எழுதுவாராக. அப்பாற் புதுக்குவதா, விற்பதா என்பது அவரவர் பொருள்வளத்தைப் பொறுத்தது. துருப்பிடித்த இரும்பை நாளையும் ஒட்டலாம். ஓட்டியவரின் நினைவை நாளைக்கென்று ஒத்திவைத்தல் இயலாது.