வாசலுக்கு எந்த டைல்ஸ்: பளபளப்பா, பிடிமானமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

வழக்கமா இங்க கோடிங், வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு டைல்ஸ். அதுவும் முழு வீட்டுக்கும் இல்ல, வாசலுக்கு மட்டும். படியேறி நிலைப்படியைத் தாண்டுற வரைக்கும் இருக்கிற அந்த சிட் அவுட்டுக்கு.

புதுக்கோட்டை பக்கம் எங்க ஊர்ல வீடு கட்டிட்டு இருக்கோம். சிட் அவுட் 10 அடிக்கு 6 அடி, மொத்தம் 60 சதுர அடி. பட்ஜெட்ல ரொம்பச் சின்ன வரி. ஆனா வீட்டுல அதிகமா வாக்குவாதம் நடந்தது இதுக்குத்தான். அப்பாவுக்குப் பளபளன்னு கண்ணாடி மாதிரி டைல்ஸ் வேணும். எனக்கு மேட் ஃபினிஷ் வேணும். அப்பா சொல்றதுல நியாயம் இருக்கு. முப்பது வருஷம் வெடிப்பு விட்ட சிமெண்ட் தரையில குடும்பம் நடத்தின மனுஷன். வர்ற சொந்தக்காரங்க முதல்ல பார்க்கிறது வாசலைத்தான், அது பளிச்சுன்னு இருக்கணும்னு ஆசைப்படுறாரு.

என் கவலை எங்க அப்பத்தா. எண்பதைத் தொடுற வயசு, கைத்தடி ஊன்றி நடக்கும். ஆனாலும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து வாசல்ல தண்ணி தெளிச்சு கோலம் போடுறதை யாருக்கும் விட்டுக்கொடுக்காது. அந்த வயசுல இடுப்பு எலும்பு உடைஞ்சா என்ன ஆகும்னு உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ பார்த்திருப்பீங்க. விழலைன்னாலும், வழுக்கும்னு பயம் வந்துட்டா வாசலுக்கு வர்றதையே நிறுத்திடுவாங்க.

சாஃப்ட்வேர்ல முதல்ல ரிக்வயர்மெண்ட் எழுதுவோம் இல்லையா, அதையே இங்கேயும் செஞ்சேன். இந்த இடம் தினமும் எதையெல்லாம் தாங்கணும்? ஒண்ணு, தண்ணி: தெளிக்கிறது, கழுவுறது, மழைச்சாரல். ரெண்டு, மண்: எங்க பக்கம் செம்மண், செருப்போட உள்ள வரும். மூணு, கோலமாவு. தண்ணியே இல்லாம, காஞ்ச மாவு சிந்தினாலே பளபளப்பான தரை வழுக்கும். நாலு, வெறுங்கால். வெளிநாட்டு வீடியோக்கள்ல ஷூ போட்டு நடக்கிறதை வச்சு டைல்ஸ் சொல்லுவாங்க. நாம செருப்பைப் படியிலேயே விடுறவங்க.

அடுத்து, கடைக்குப் போனா காதுல விழுற வார்த்தைகள். செராமிக், விட்ரிஃபைடு: இந்த ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தண்ணி உறிஞ்சுற அளவு. விட்ரிஃபைடு 0.5 சதவீதம் அல்லது அதுக்குக் கீழதான் உறிஞ்சும். சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலயும் உறிஞ்சும், அதைத் தரையில போடவே கூடாது. விட்ரிஃபைடுலயே சிலதுல மேல க்ளேஸ் பூசி டிசைன் அச்சடிச்சிருப்பாங்க. டபுள் சார்ஜ்னா மேல சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிறம் இருக்கும். ஃபுல் பாடினா முழு கனத்துக்கும் ஒரே நிறம், அதனால ஓரம் பெயர்ந்தாலும் அவ்வளவா தெரியாது. படி ஓரத்துக்கு அதுதான் நல்லது.

வழுக்கலுக்கும் ஒரு எண் இருக்கு. ஆர் 9-ல இருந்து ஆர் 13 வரைக்கும். இது ஜெர்மனியில வந்த சோதனை. டைல்ஸ் பதிச்ச சரிவுப் பலகையில எண்ணெய் ஊத்தி, ஷூ போட்ட ஆளை நடக்க விட்டு, சரிவைக் கூட்டிக்கிட்டே போவாங்க. எந்தக் கோணத்துல வழுக்குதோ அதை வச்சு எண். ஆர் 9-னா 6-ல இருந்து 10 டிகிரி. ஆர் 10 அதுக்கு மேல 19 வரை. ஆர் 11-ன்னா 27 வரை. பூஜ்யத்துல ஆரம்பிக்கிற அளவுகோல் இல்ல இது. 9-ங்கறது பெரிய எண் மாதிரி தெரியும், ஆனா அதுதான் கடைசி பெஞ்ச். வெறுங்காலுக்குத் தனியா ஏ, பி, சி-ன்னு ஒரு வகைப்பாடு இருக்கு, அதுல சி-க்குத்தான் பிடிமானம் அதிகம். பெட்டியில எதுவும் போடலைன்னா டெக்னிக்கல் டேட்டா ஷீட் கேளுங்க.

இன்னொண்ணு பி.இ.ஐ. க்ளேஸ் எவ்வளவு தேய்மானம் தாங்கும்ங்கறதுக்கான எண், 5 வரைக்கும் போகும். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் கடினமான கனிமம், பளபளப்பை உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிடும். நடக்கிற பாதை மட்டும் மங்கிப்போன வாசல்களைப் பார்த்திருப்பீங்களே, அதுதான் காரணம். இந்தக் கணக்கை அப்பாகிட்ட சொன்னேன். "நீ சொல்றது நெட்டுல இருக்கிறது, நான் சொல்றது கண்ணுல தெரியுறது"ன்னுட்டாரு.

அதனால கடையில மூணு சாம்பிள் வாங்கிட்டு வந்தோம். ஒண்ணு பளபளப்பு, ஒண்ணு மேட், ஒண்ணு சொரசொரன்னு இருக்கிற பார்க்கிங் டைல்ஸ். கடைக்காரர், "தம்பி, வாசலுக்குப் பார்க்கிங் டைல்ஸே போட்டுடுங்க, கவலையே இல்ல"ன்னாரு. மூணையும் பழைய வீட்டு வாசல்ல வரிசையா வச்சு, தண்ணி ஊத்தி, கோலமாவும் தூவினோம். முதல்ல நான் வெறுங்கால்ல மிதிச்சுப் பார்த்தேன், அப்புறம் அப்பா. பளபளப்புல அவர் கால் லேசா நகர்ந்தது, ஆனா வாயைத் திறக்கலை.

அப்பத்தாவை மிதிக்க விடலை. திண்ணையில உட்கார்ந்தபடியே கைத்தடியை ஒவ்வொண்ணுலயும் ஊன்றி அழுத்திப் பார்த்துச்சு. முதல்ல தடி சர்ருன்னு போச்சு. பார்க்கிங் டைல்ஸைத் தொட்டுப் பார்த்துட்டு, "ஏண்டா, இதைக் கூட்டுனா மாவு போகுமா? துணி போட்டா துணிதான் கிழியும்"னுச்சு. நடுவுல இருந்த மேட்டுல தடியை ஊன்றி, "இதுல நிக்குது. ஆனா இந்த வெள்ளை வேணாம், செம்மண்ணு பட்டா அசிங்கமாயிரும். கோலமும் தெரியாது"ன்னு முடிச்சிருச்சு.

நான் ஆர் எண்ணை மட்டும் பார்த்தேன். அந்தக் கிழவிக்குப் பிடிமானம், சுத்தம் பண்றது, நிறம் மூணும் ஒரே நிமிஷத்துல தெரிஞ்சது. கோலம் எடுப்பா தெரியணும்னா தரை கொஞ்சம் அடர் நிறமா இருக்கணும். ரொம்பக் கறுப்பா இருந்தா மதிய வெயில்ல கால் சுடும். செங்காவி கலந்த பழுப்பு நிறம், ஆர் 11 மேட், அதுல முடிவாச்சு. ஹாலுக்கு அப்பா கேட்ட பளபளப்பு. கதவைத் திறந்ததுமே உள்ள மின்னுறது தெரியும், அவருக்கும் சந்தோஷம்.

ஆத்தங்குடி ஏன் போடலைன்னு கேப்பீங்க, காரைக்குடி எங்களுக்குப் பக்கம்தானே. கண்ணாடி மேல அச்சு வச்சு, வண்ண சிமெண்ட் ஊத்தி, தண்ணியில ஊற வச்சுக் கையால செய்யிற டைல்ஸ் அது, சூளையில சுடுறதில்ல. உள்கூடத்துல அதுக்கு ஈடே இல்ல. ஆனா புழங்கப் புழங்க வழவழப்பு ஏறுற தரை அது. தினமும் தண்ணி நிக்கிற திறந்த வாசலுக்கு எனக்கு மனசு வரலை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: 2-க்கு 2 பெட்டியில 4 டைல்ஸ், சுமார் 15.5 சதுர அடி. 60 சதுர அடிக்கு 4 பெட்டி சரியா வர்ற மாதிரி தெரியும். ஆனா வெட்டுறதுல வீணாகும், 10 சதவீதம் கூட்டினா 66 ஆகிடும். அதனால 5 பெட்டி. எல்லாப் பெட்டியிலயும் பேட்ச், ஷேடு எண் ஒண்ணா இருக்கணும். மிஞ்சுறதைப் பரண்ல வைங்க, நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா அதே நிறம் கடையில கிடைக்கும்னு சொல்ல முடியாது.

ஒட்டும்போது: விட்ரிஃபைடு தண்ணி உறிஞ்சாது, அதனால வெறும் சிமெண்ட் பால் சரியா பிடிக்காது. டைல்ஸ் பசை கேளுங்க. நடுவுல 2, 3 மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஸ்பேசர் வைக்கச் சொல்லுங்க. காஞ்சதும் தட்டிப் பாருங்க, டொப்பு டொப்புன்னு சத்தம் வந்தா அடியில காலி.

கடைசியா வாட்டம். எவ்வளவு நல்ல டைல்ஸா இருந்தாலும் தண்ணி தேங்கினா பாசி பிடிக்கும், பாசி பிடிச்சா எல்லாமே வழுக்கும். வெளிப்பக்கமா நூத்துக்கு ஒண்ணு சரிவு போதும், 6 அடிக்கு முக்கால் இஞ்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. பதிக்கிறதுக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க, அப்புறம் சரி பண்ண முடியாது. டைல்ஸ் கனமும் பசையும் சேர்ந்து தரை எவ்வளவு உயரும்னு அப்பவே அளந்துடுங்க. இல்லேன்னா வாசக்கதவு அடியில உரசும்.

உங்க வீட்டுக்கு டைல்ஸ் பார்க்கப் போறீங்கன்னா, ஒரு சாம்பிளை வீட்டுக்குக் கொண்டு வந்து தண்ணி ஊத்துங்க. அந்த வாசலை அதிகமா புழங்குறவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. பெரும்பாலும் அவங்க கடைக்கு வந்திருக்கவே மாட்டாங்க.

அடுத்த எபிசோட்ல மறுபடியும் கோடுக்கு வந்துடுவோம். அதுவரைக்கும், பார்த்து நடங்க.