அம்மா விசாவில் பிள்ளை வர முடியாது

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன ஒருவர், தாய்லாந்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணுக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகன் ஒருவன் இருக்கிறான். ஊர்த் திருவிழாவான ஆவணித்தபசுக்கு மூன்று பேரும் வரவேண்டும் என்பது ஊரில் பெரியவர்களின் ஆசை. “பையனை டூரிஸ்ட் விசாவில் கூட்டி வாங்க, மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். இந்த யோசனையின் முன்பாதி சரி, பின்பாதிதான் வம்பு.

முன்பாதியைப் பார்ப்போம். ஊர் சுற்றுவதோடு, உற்றார் உறவினரைப் பார்க்க வருவதும் சுற்றுலா விசாவின் நோக்கத்துக்குள் அடங்கும். 2014 நவம்பரில் இந்தியா இணையவழி விசாவைத் தொடங்கியபோது இடம்பெற்ற 43 நாடுகளில் தாய்லாந்தும் உண்டு. முதல் ஒன்பது விமான நிலையங்களில் சென்னையும் திருவனந்தபுரமும் இருந்தன. மதுரை பின்னால் சேர்ந்தது. ஆனால் தாயின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்த்துப் பிள்ளையை அழைத்துவர முடியாது. அவனுக்கென்று தனி பாஸ்போர்ட்டும் தனி விண்ணப்பமும் வேண்டும். விண்ணப்பத்தில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் அந்தப் பாஸ்போர்ட்டை வாங்குவதிலேயே வரலாம். தாய்லாந்தில் 20 வயது நிறைந்தால்தான் மேஜர். மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை என்றால் பெற்றோர் உரிமை அந்நாட்டுச் சட்டப்படி தாயிடமே இருக்கும். அதை உறுதிசெய்யும் சான்றை வட்டார அலுவலகத்தில் வாங்கலாம். மணமுறிவு ஆகியிருந்தால், பிள்ளை யார் பொறுப்பு என்று எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. இருவர் பொறுப்பு என்றிருந்தால் முதல் கணவரின் ஒப்புதல் இல்லாமல் காரியம் நடக்காது.

பெற்ற தாயே கூட வரும்போது பிரிந்துபோனவரிடம் கையெழுத்துக்கு நிற்பதா என்று கோபம் வரும். அவர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வேறு நாட்டுக்குக் கடத்திச் செல்லப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் தாய்லாந்து சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. பிள்ளை இங்கேயே தங்கிவிட்டால், அவனை மீட்க அந்த உடன்படிக்கை அவருக்கு உதவாது. ஆகவே ஒப்புதல் கேட்பதை வீண் கெடுபிடி என்று நான் சொல்லமாட்டேன்.

இனி அந்த “அப்புறம் பார்த்துக்கலாம்”. இணையவழி விசாவை இங்கே நீட்டிக்க முடியாது. வேறு வகை விசாவாக மாற்றவும் முடியாது. சுற்றுலாவுக்கு வந்த பையனைச் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தால், அடுத்த நாள் முதலே அவன் விதியை மீறியவன். நீண்ட நாள் தங்க வேறு வழி வேண்டும். குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு, இந்தியரை மணந்த வெளிநாட்டவருக்குப் பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நீடித்திருந்தால் ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு வழி வைத்திருக்கிறது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் அவர்களுடைய குழந்தைக்கும் வழி உண்டு. மனைவி முன்பே பெற்ற பிள்ளை என்ற உறவைத்தான் அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தாய்க்கு அட்டை, தம்பி பிறந்தால் அவனுக்கும் அட்டை, மூத்தவனுக்கு மட்டும் சுற்றுலா விசா என்ற நிலை ஒரே வீட்டுக்குள் வந்துவிடும்.

இந்த உறவைச் சட்டத்தில் சேர்த்தால் பொய்த் திருமணம் காட்டிக் குழந்தைகளைக் கடத்துவார்களே என்பது நியாயமான அச்சம். ஆனால் அதே அச்சத்துக்காகத்தானே மனைவிக்கு இரண்டு ஆண்டு காத்திருப்பு வைத்திருக்கிறார்கள்? அந்தக் காத்திருப்போடு பெற்ற தந்தையின் ஒப்புதலையும் சேர்த்துக் கேட்டால் பிள்ளைக்கும் வாசல் திறக்கலாம். தத்தெடுத்துக்கொள்ளட்டுமே என்பவர்களும் உண்டு. தத்து என்றால் பெற்ற தந்தையோடு சட்ட உறவே அறுந்துபோகும்; விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வர அத்தனை பெரிய விலையா?

சட்டம் மாறுகிறவரை, வருகையை வருகையாகவே வைத்துக்கொள்வது நல்லது. அதற்குக்கூட ஆவணி தோதுப்படாது. அப்போது தாய்லாந்தில் பள்ளி நடக்கும். அங்கே நீண்ட விடுமுறை மார்ச்சில் தொடங்கி மே நடுவில் முடிகிறது. சித்திரையில் வந்தால் நம்மூர்ப் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், 30 நாள் விசாவும் போதும்.